கடல் பக்கத்துத் தாழ்ப்பாள்

"குளுக்" என்றது குளியலறை.

விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தெருவின் கடைசி வீட்டுக்காரி, பாயில் உருண்டுகொண்டிருந்த குழந்தையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தண்ணீர் வெளியே போகவேண்டிய ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. சேறும் உப்புமாகக் கடல் வாடை வேறு.

"பல்லியா இருக்கும்," என்றான் கணவன், கட்டிலை விட்டு இறங்காமல்.

"பல்லி குளுக்குன்னு சொல்லுமா? கடல் வந்திருக்குங்க. நம்ம புள்ள தரையில படுக்குது."

மறுநாள் கடலோரப் பாதுகாப்பு அலுவலகத்தில் பொறியாளர் மிகுந்த பரிவுடன் விசாரித்தார்.

"கடல் எந்தப் பக்கமா வந்துச்சும்மா?"

"சாக்கடை வழியா, சார்."

"அப்ப அது கடலே இல்ல. நேரா, மரியாதையா, முன்பக்கமா வந்தாத்தான் கடல். பின்பக்கமா வந்தா அது வேற துறை." அவள் முகம் வாடியதைக் கண்டு அவருக்கு மனசு கேட்கவில்லை. "கவலைப்படாதீங்க. உங்களுக்காகவே ஒரு சுவர் கட்டிடுறோம்."

சுவர் எழும்பியது. தெரு கொதித்தது. கடலுக்காக அல்ல, காற்றுக்காக.

"மணல்ல நடந்தாத்தான் முட்டிக்கு நல்லதுன்னு இப்ப ஊரே சொல்லுது," என்றார் நடைப்பயிற்சி மாமா. புதுக் காலணியும், நடந்தால் பாராட்டும் கைக்கடிகாரமும் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "சுவத்தச் சுத்தியா நடப்பாங்க?"

பொதுமக்களின் மேலான விருப்பத்துக்கிணங்கச் சுவரில் ஒரு கதவு வைக்கப்பட்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கப்பட்டது. கடல் பக்கத்தில்.

"சார், தாழ்ப்பாள் வெளிய இருக்கு!" என்று அவள் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"பின்ன எங்க இருக்கும்? இந்த ஆபீசை நாங்க உள்ள நின்னுக்கிட்டா பூட்டுறோம்? தினமும் வெளிய வந்துதானே பூட்டுறோம்? இதுவரைக்கும் ஒரு நாற்காலி காணாமப் போனதில்ல."

"புயல் அன்னிக்கு அதைப் போட்டவர் எப்படி சார் வீட்டுக்கு வருவார்?"

பொறியாளர் ஆழ்ந்து சிந்தித்தார். "அது பணியாளர் நலப் பிரிவும்மா."

அன்றிலிருந்து அவளுக்குத் தாழ்ப்பாளே மூச்சு. இடுப்பில் குழந்தையோடு அவள் ஏறாத படியில்லை. "என்னைக்கூட நீ இவ்வளவு நினைச்சதில்ல," என்றான் கணவன். குளியலறை குளுக் என்றபோதெல்லாம், "சும்மா இரு, நான் தாழ்ப்பாள் வேலையா இருக்கேன்," என்று ஓட்டையில் ஒரு பழந்துணியைச் சொருகினாள்.

கடைசியில் கல்லும் கரைந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம் வந்தது. பின்னாலேயே புயலும் வந்தது.

அன்று தெருவே சுவருக்கு அந்தப் பக்கம், மணலில், கைபேசியை உயர்த்திக்கொண்டு நின்றது. கள ஆய்வுக்கு வந்த பொறியாளர் கடலுக்கு முதுகைக் காட்டித் தன்னையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உள்ள வந்துடுங்க! கதவைச் சாத்தணும்!" என்று அவள் கதவடியில் நின்று கத்தினாள்.

"இரும்மா, பெரிய அலை இன்னும் வரல!"

வந்தது. முதலில் உள்ளே பாய்ந்தவர் மாமாதான். கைக்கடிகாரம் அவரைப் பாராட்டியது. கடைசியாகப் பொறியாளர் விழுந்தடித்து வர, அவள் கதவைத் தோளால் முட்டித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். வெளியே கடல் மோதிப் பார்த்துவிட்டு நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஜெயிச்சிட்டீங்கம்மா," என்ற பொறியாளர், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டார். ஏன் சுருட்டினோம் என்று அப்புறம்தான் குனிந்து பார்த்தார்.

தெரு நெடுக ஒவ்வொரு சாக்கடையும் குளுக், குளுக் என்றது. கணுக்கால் ஏறிய தண்ணீர், ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் போக வழிதேடிக் கதவடியில் வந்து நின்றது.

"திறந்தா இது வெளிய போயிடுமே?" என்றார் மாமா.

"திறந்தா அது உள்ள வந்துடுமே?" என்றார் பொறியாளர்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குழந்தையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டாள். பழந்துணி இந்நேரம் பாய்வரை மிதந்து வந்திருக்கும்.

"இது பின்பக்கத் தண்ணி, சார். வேற துறை."

சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். கச்சிதமாக விழுந்திருந்தது. உள்பக்கம்.