பன்னிரண்டு கிலோப் பை

"பதினஞ்சு! மறுபடியும் பதினஞ்சு! இந்த வீட்ல யாரோ என் பையில கல்ல போடறீங்க!"

லிஃப்ட் பரிசோதகர் முதுகில் பையோடு எடை மெஷின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். பையை மட்டும் வைத்தால் அது எண்ணை மறைத்துத் தொலைக்கிறது. அதனால் சுமந்துகொண்டு ஏறி, வருகிற எண்ணில் தன் எடையான அறுபத்தெட்டைக் கழிப்பார். அது பயணத்துக்காக மருத்துவர் முத்திரை குத்திக் கொடுத்த எண். லிஃப்டுகளுக்குச் சான்றிதழ் கொடுத்தே தலை நரைத்தவர் அவர். முத்திரை விழுந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

பன்னிரண்டு நாள் மலைநடை. பை பன்னிரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. போன வருஷம் மூன்று கிலோ கூடுதல் என்று அடிவாரத்திலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடப் போன மனைவியின் தம்பி மட்டும் நடந்து முடித்துவிட்டு, போகிற வீட்டிலெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இந்த வருஷமும் திரும்பி வந்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

"போன வாரம்தானே ரெண்டு கிலோ முந்திரியும் பாதாமும் வெளிய எடுத்தீங்க?" என்றாள் மனைவி.

"எடுத்தேன்ல? அப்புறம் ஏன் குறையல?"

எடுத்ததை எறியவா முடியும்? கோபம் வந்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. ஒரே வாரத்தில் டப்பா காலி. வழிக்கு வேண்டுமே என்று மனைவி மறுபடி வாங்கி நிரப்பினாள். எடை கூடுகிறதென்று அதையும் எடுத்தார், அதுவும் காலி.

அடுத்து மலைச்சாமான் கடைக்காரரிடம் பாய்ந்தார். "என்னய்யா பை இது? காலியாவே கனக்குது!"

கடைக்காரர் ஒரு விரலில் மாட்டித் தூக்கக்கூடிய பையைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஏறினார். பதினைந்து.

"இந்த லட்சணத்துல நடந்து பழகி என்னத்தக் கிழிக்கப் போறேன்?" என்று காலை நடையையும் நிறுத்தினார். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியை அறுத்தார். கம்பளிச் சட்டை போனது. மழைக்கோட்டு போனது. கடைசியில், குளிரில் உள்ளே புகுந்து தூங்குகிற படுக்கைப் பையும் போனது.

"மழை பெஞ்சா என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள் மகள்.

"நனைவேன்!"

"குளிர் அடிச்சா?"

"எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்குக் குளிர் கிட்ட வராது!"

சொல்லி முடிப்பதற்குள் புதுப் பேன்ட்டின் பொத்தான் தெறித்து அலமாரிக் கண்ணாடியில் போய் மோதியது. அவர் மனைவியை முறைத்தார்.

"வெந்நீர்ல துவைச்சியா?"

"அத இன்னும் துவைக்கவே இல்லீங்க."

மறுபடி கடைக்கு ஓடினார். "துவைக்காமலே சுருங்குற துணிய என் தலையில கட்டியிருக்கீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தொழில் நடத்துகிறவர் அல்லவா? வாயைத் திறக்காமல் இரண்டு அளவு பெரிய பேன்ட்டை எடுத்து நீட்டினார்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஏறினார். எண்பது. அறுபத்தெட்டு போக, பன்னிரண்டு! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விண்ணப்பப் படிவத்தில் 'பையின் எடை: 12 கிலோ' என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடிவாரத்துக்கு மனைவியும் மகளும் வழியனுப்ப வந்தார்கள். மனைவியின் தம்பியும் வந்திருந்தான், போன வருஷத்துச் சிரிப்பை முகத்தில் தயாராக வைத்துக்கொண்டு. பரிசோதகர் அவனைப் பார்த்தும் பாராததுமாகப் பையை வழிகாட்டிப் பெண்ணிடம் நீட்டினார்.

"நல்லா நிறுத்துப் பாரும்மா. ஒரு கிராம் கூட இருந்தா என்னக் கேளு!"

அவள் அதைக் கொக்கித் தராசில் மாட்டினாள். பார்த்தாள். கழற்றி இன்னொரு தராசில் மாட்டினாள். பிறகு பையைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

"படுக்கைப் பை இல்ல, கம்பளி இல்ல, மழைக்கோட்டு இல்ல. இதெல்லாம் இல்லாம மேல விடமாட்டோம் சார்" என்றாள்.

"அதெல்லாம் எடுத்துதானம்மா பன்னெண்டுக்குக் கொண்டுவந்தேன்!" என்று சீறினார் அவர்.

அவள் படிவத்தைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள். நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்:

"பையில நாலு கிலோதானே சார் இருக்கு. மீதி எட்டு கிலோவ எங்க வச்சிருக்கீங்க?"