அம்மாவின் பாட்டும் புது கம்பைலரும்

கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நம்புவார்கள். அதை அவனும் நம்பத் தொடங்கும்போதுதான் ஆபத்து.

திண்டுக்கல்லில் அப்பா அம்மாவின் ஐம்பதாவது திருமண நாள் வந்தது. அம்மா ஒரு காலத்தில் மாதா கோவில் பாடகர் குழுவில் பாடியவர். அந்தக் குரலில் மயங்கித்தான் அப்பா பெண் கேட்டே போனாராம். அது ஒரே ஒரு கேசட்டில் மிச்சமிருந்தது. பாட்டைவிட இரைச்சல் அதிகம்.

"அப்பு, இதச் செத்த சுத்தம் பண்ணிக் குடு. விருந்துல எல்லாரும் கேக்கட்டும்" என்றார் அப்பா.

இதற்கு இன்று எத்தனையோ செயலிகள் உண்டு. நானோ கேசட்டைக் கணினியில் கோப்பாகப் பதிந்துகொண்டு, கல்லூரியில் நானே எழுதிய இரைச்சல் நீக்கும் நிரலைத் தூசி தட்டினேன் (அதற்குப் பரிசெல்லாம் வாங்கியிருந்தேன்!). நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் காலத்துக் கம்பைலர் சாது, எதைக் கொடுத்தாலும் விழுங்கும். இப்போதையது வரிக்கு வரி குற்றம் சொன்னது. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒரு வரி மட்டும் மசியவில்லை. பாட்டு எந்த வேகத்தில் பதிவாகியிருக்கிறது என்று கோப்பிலிருந்து படிக்கும் வரி அது. அதைத் தூக்கிவிட்டு, கல்லூரி நாட்களில் பழகிய எண்ணையே எழுதிவிட்டேன். பிழை போயிற்று! தொடக்கத்து ஆர்மோனியம் இரைச்சலின்றி, கொஞ்சம் நிதானமாக, கம்பீரமாக ஒலித்தது. (அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.)

விருந்தன்று மண்டபத்தில் உறவுகள் கூடியிருக்க, ஒலிபெருக்கியில் போட்டேன். அப்பா கண்களை மூடிக்கொண்டார். ஆர்மோனியம் ஓய்ந்ததும் ஒரு தடித்த ஆண்குரல், தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இழுத்து இழுத்து வந்தது. நான் எழுதிய எண் உண்மையான வேகத்தில் பாதி என்பது அப்போதுதான் உறைத்தது.

"யாருப்பா இந்த அண்ணன்? நல்லாத்தான் பாடுறாரு" என்றார் ஆத்தூர்ச் சித்தப்பா.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, இந்தக் குரலுக்கா அம்புட்டு தூரம் பொண்ணு கேட்டு வந்தீங்க?"

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "செத்த சும்மா இரு. அண்ணன் பாடி முடிக்கட்டும்."

மண்டபமே அதிர்ந்து சிரித்தது. எனக்கு மேசைக்கடியில் நுழைந்துகொள்ளலாம் போலிருந்தது. நிறுத்தப் போன என்னைக் கையமர்த்திவிட்டு, அந்த இழுவையோடு சேர்ந்து அம்மாவே மெல்லப் பாடத் தொடங்கினார். சிரிப்பு தானாக அடங்கியது. வயதால் நடுங்கிய அந்தக் குரலை, அப்பா கண் திறந்து, அம்மாவைப் பார்த்தபடியே கேட்டார்.

மறுநாள் எண்ணைத் திருத்தி, அம்மாவின் இளங்குரலை அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். தனியாக இருக்கும்போது அதைத்தான் கேட்கிறார். ஆனால் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தால் மட்டும் போனை எடுத்து, பவ்யமாக, "சொல்லுங்கண்ணே" என்கிறார்.

அம்மாவும் விடுவதில்லை.

"வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க, தம்பி."