பின்னால் ஓடும் கம்பெனி

கம்பெனியைப் பூட்டிய அன்றே லிங்கசாமி ஒரு தீர்மானத்துக்கு வந்தார்: கம்பெனி ஓடுகிறது.

முதலிபாளையத்து ஷெட்டிலிருந்த தையல் மெஷின்களைப் புரோக்கர் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஆட்களிடம் ஆர்டர் வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பியாயிற்று. மிஞ்சியது துணி மட்டும். கிளிப்பச்சை. குழந்தைகள் பனியனுக்காகச் சாயம் போட்ட துணி. ஒரு ரோல் ஒரு பச்சை, இன்னொரு ரோல் வேறு பச்சை. ஷேடு சேரவில்லை என்று, சரக்கை வாங்க வேண்டிய பையர் மொத்த ஆர்டரையும் திருப்பிவிட்டார். கம்பெனியைத் தின்ற துணி அது. புரோக்கர்கூட அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் துணி வந்த அன்றே சுபஸ்ரீ இரண்டு ரோலையும் வெயிலில் விரித்துக் காட்டியிருந்தாள். "இது வேற, அது வேறங்க. வெட்டாதீங்க." பனியன் ஊரில் பிறந்து வளர்ந்தவரிடம் மனைவி இப்படிச் சொல்வதா? "துணியப் பத்தி எனக்கே பாடமா?" என்று கேட்டுவிட்டு லிங்கசாமி வெட்டச் சொன்னார். அப்படிக் கேட்ட வாயால் இப்போது எதைச் சொல்வது? வெளியே எல்லாம் போய்விட்டது. வீட்டுக்குள் மட்டும் அவர் இன்னும் முதலாளி. அதை விடுவதாக இல்லை.

தினமும் காலையில் சுபஸ்ரீ கட்டித்தரும் சோற்றை வாங்கிக்கொண்டு அவர் கம்பெனிக்குக் கிளம்பினார். போய் உட்கார்ந்தது சசிகுமாரின் கடையில். சசிகுமார் அவருக்குப் பங்காளி முறை. கல்யாண வீடியோ எடுப்பவன். அந்தக் கடையில்தான் லிங்கசாமிக்கு வழி பிறந்தது. அவினாசி தாண்டாத ஒரு மாப்பிள்ளையும் பொண்ணும் கம்ப்யூட்டரில் பனிமலை மேல் கைகோத்து நடந்தார்கள்.

"இது எங்க எடுத்தது?"

"இங்கயேதாண்ணா, பீரோவுக்கு முன்னால. பின்னாடி பச்சைத்துணி கட்டி எடுத்துட்டா, கம்ப்யூட்டர்ல பச்சைய மட்டும் வழிச்சு எடுத்தர்லாம். அந்த எடத்துல மலைய வெக்கலாம், கடலை வெக்கலாம்."

"கம்பெனிய வெக்கலாமா?"

"வெக்கலாமே. பச்சைத்துணிதான் கிழிஞ்சு போச்சு. வேற வாங்கோணும்."

"எங்கிட்ட இருக்குது."

"எவ்வளவுண்ணா?"

"ஒரு குடோன்."

கடைசி ஆர்டர் ஓடியபோது போனில் பிடித்த வீடியோ ஒன்று இருந்தது. மெஷின்கள் ஓடுகின்றன. முன்வரிசையில் பழனியம்மாள், கம்பெனியின் மூத்த டெய்லர், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறாள். அதைப் பின்னால் வைத்தார்கள். முன்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு லிங்கசாமி. "வணக்கமுங்க. சரக்குப் போய்ட்டே இருக்குது. மூச்சு விட நேரமில்லீங்க." சொந்தக்காரர்கள் மட்டும் பார்க்கும்படி தினமும் ஸ்டேட்டஸ் போட்டார். சுபஸ்ரீயின் அண்ணன், மச்சான் மோகன்ராஜ், கும்பிடும் கை அனுப்பினான்.

சசிகுமாருக்குத்தான் தொல்லை. பனியன் துணி சொன்னபடி நிற்காது. ஓரம் சுருண்டுகொள்ளும், நடுவில் தொங்கும். அதைவிடப் பெரிய தொல்லை வேறு.

"துணி ரெண்டு பச்சையா இருக்குதுண்ணா. ஒன்னை எடுத்தா இன்னொன்னு நிக்குது. ரெண்டையும் சேத்து எடுத்தா உங்க காது போயிருது."

"எந்தக் காது?"

"எடது."

"போகட்டும். ஊட்டுல பேசறதக் கேக்கறதுக்கு ஒன்னே சாஸ்தி."

ஒரு நாள் மாலை சுபஸ்ரீ காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஸ்டேட்டஸ் பாத்தனுங்க. கம்பெனி ஜோரா ஓடுதாட்டருக்குது."

"பின்ன, ஓடாம?"

"பழனியம்மாளுக்குத்தான் வேர்வை நிக்கவே மாட்டேங்குது. நேத்தும் இப்பிடித்தான் கழுத்தத் தொடச்சுட்டிருந்தா."

"வெயிலு."

"நேத்து மழைங்களே."

"உள்ள புழுக்கம்."

"சேலையும் நேத்துக் கட்டுனதேதானுங்க."

"கம்பெனிக்குன்னு அது ஒன்னை வெச்சிருக்கறா. ஒருத்தன் இங்க உசிரக் குடுத்துக் கம்பெனி நடத்தறான், நீ சேலையப் பாத்துட்டிருக்கற."

"அதில்லீங்க. பாவம், ஒரு சேலை எடுத்துக் குடுத்தாத்தான் என்ன?"

மறுநாள் சசிகுமார் பாதிப் பகல் உட்கார்ந்து பழனியம்மாளின் அரக்குச் சேலையை நீலமாக்கினான். அன்று மாலை லிங்கசாமி தாமாகவே பேச்சை எடுத்தார்.

"சேலை எடுத்துக் குடுத்துட்டன். பாத்தியா?"

"பாத்தனுங்க. நல்ல நீலம். செவுத்துல இருக்கற சாமி படத்துக்கும் அதே நீலமே எடுத்துட்டீங்களாட்ட?"

லிங்கசாமி போனை வாங்கிப் பார்த்தார். சிவப்புப் பட்டு கட்டியிருந்த மாரியம்மன் நீலத்தில் இருந்தாள்.

"போனு பழசாயிருச்சு உனக்கு. கலர் மாத்திக் காட்டுது," என்றார்.

"இருக்கும்ங்க," என்றாள். அவளுடைய பணிவில் அவர் நிம்மதி அடைந்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

"நாளைக்குப் பழனியம்மாளச் சித்த நேரம் அனுப்பி வைங்க. எனக்கொரு வேலை ஆகோணும்."

"முடியாது. அவசரச் சரக்கு. அவ எந்திரிச்சா லைனே நின்னு போகும்."

"அப்பிடிங்களா?"

"நான் கூப்புட்டாக்கூட எந்திரிக்க மாட்டா. அப்பிடி வேலை."

சமையலறையிலிருந்து காபி டம்ளரோடு பழனியம்மாள் வந்தாள். அரக்குச் சேலை கட்டியிருந்தாள்.

"நான் எந்திரிச்சு ரொம்ப நாளாச்சுங் மொதலாளி," என்றாள்.

லிங்கசாமி மின்விசிறியைப் பார்த்தார். சுபஸ்ரீ சத்தம் போடுவாள் என்று காத்திருந்தார். சத்தம் போட்டால் பதிலுக்கு இவரும் போடலாம். அதில் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். சுபஸ்ரீ சத்தம் போடவில்லை.

"மொத நாளே தெரியுமுங்க. உங்க எடது காது போன எடத்துல கொஞ்சம் பச்சை ஒட்டீட்டிருந்துச்சு. அந்தப் பச்சைய எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும். வெயில்ல விரிச்சுக் காமிச்சவ நானுங்களே."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க."

தன் போனை அவர் முன்னால் வைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டாள். மோகன்ராஜின் பழைய கோழிப்பண்ணை ஷெட். வெள்ளையடித்திருந்தது. வரிசையாக மெஷின்கள். போன ஆயுத பூஜைக்கு அவர் கையால் வைத்த சந்தனப் பொட்டு முதல் மெஷினில் காய்ந்து கிடந்தது.

"புரோக்கர் குடோன்ல சும்மாதான் கெடந்துச்சுங்க. அண்ணன்தான் பேசி எடுத்துக் குடுத்தாரு."

வீடியோவில் சுபஸ்ரீ நின்று பேசினாள். "கொழந்தைங்க பனியனுங்க. ஒரே லாட்டுல சாயம் போட்ட துணி. வெயில்ல போட்டுப் பாத்துட்டுத்தான் வெட்டறமுங்க." அவள் பேசிப் பேசிப் பழகியிருந்தாள். அவளுக்குப் பின்னால், மெஷின்களுக்கு நடுவே, இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு ஆள் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். சத்தமில்லாமல் வாய் அசைந்தது. இடது காது இல்லை.

லிங்கசாமி போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"நான் அங்க எப்ப வந்தன்?"

"சசிகுமாரண்ணங்கிட்டச் சொல்லி உங்க பச்சைத்துணி வீடியோ அத்தனையும் வாங்கீட்டனுங்க. காதர்பேட்டை வியாபாரிங்க, பொம்பள ஒருத்தி நின்னு பேசுனா 'ஓனரு இல்லீங்களா'ன்னுதான் கேக்கறாங்க. பின்னால ஒரு ஆம்பள நின்னுட்டா கேக்கறதில்ல. அதுக்கு மேல உங்களப் பத்தி ஒன்னுமே கேக்கறதில்லீங்க."

திரும்ப ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். முதல் மெஷினில் உட்கார்ந்திருந்த பழனியம்மாள்கூட அவரைவிடப் பெரிதாகத் தெரிந்தாள். மெஷின்களின் சத்தம் கேட்டது. அது நிஜச் சத்தம். அந்தச் சத்தத்தை அவர் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். முதலாளிக் குரல் வரவில்லை. வந்த குரலில் பேசினார்.

"நாளைக்குக் காலைல நானே வந்தர்றன், சுபா. கட்டிங்க நான் பாத்துக்கறன்."

பழனியம்மாள் காலி டம்ளருக்குள் பார்த்தாள். சுபஸ்ரீ யோசித்தாள். கோபமாக இல்லை, வேலைக்கு வந்தவனைப் பார்க்கிற மாதிரி அவரை ஒருமுறை பார்த்தாள்.

"கட்டிங்குக்கு ஆள் போட்டாச்சுங்க. நீங்க எப்பவும்போல சசிகுமாரண்ணன் கடைக்கே போங்க. சட்டைய மட்டும் மாத்திப் போட்டுக்கிட்டு நின்னாப் போதும். அப்பறம், நாளையிலிருந்து வாய அசைக்காம நில்லுங்க. நான் பேசறப்பக் கொழப்பமா இருக்குதுன்னு பார்ட்டிங்க சொல்றாங்க."