ஒருமையில் ஒரு வணக்கம்

அன்புள்ள பிரவீனாவுக்கு,

வெள்ளகோவிலிலிருந்து உன் பெரியப்பன் திருமலைசாமி எழுதுவது. இங்கு நானும் உன் பெரியம்மா தெய்வாத்தாளும் சுகம். அங்கே இங்கிலாந்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் ஆசிரியை ஆவதற்கு நீ பயிற்சி எடுப்பதை உன் அப்பன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். என் தம்பி லட்சுமணசாமிக்கு அது லத்தீனா லேத்தா என்பதே இப்போதுதான் தெளிந்தது. அதுவரை கேட்டவர்களிடமெல்லாம் "புள்ள லேத்துப் படிக்குதுங்க" என்றுதான் சொன்னான். மளிகைக்கடை அப்துல் நாசர் என்னிடமே, "லேத்துக்கு எதுக்குங்க லண்டன்? கணபதிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில உட்டாப் பழகிக்குமில்லீங்க?" என்றார். நான் திருத்தவில்லை. எதற்குத் திருத்த வேண்டும்? நாற்றுப் பண்ணை வைத்திருந்த காலத்தில் செடிகளுக்குப் பெயர்ப் பலகை எழுதியெழுதி, அந்தப் பெயர்களுக்கு என்ன அர்த்தமென்று தோண்டித் தோண்டி, ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாரும் சொல்லித்தராமல் லத்தீன் கற்றவன் நான். எனக்கு யார் உரிமம் கொடுத்தார்கள்? "அண்ணன் தனியாப் பேசிக்கிறாருங்க, பூச்சிமருந்து தலைக்கேறிப்போச்சாட்ட இருக்குது" என்ற பட்டம்தான் கிடைத்தது.

அதுகூடப் போகட்டும். ஈரோட்டில் உன் அப்பன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவில் போனை ஸ்பீக்கரில் போட்டு, "அண்ணா, நீங்களும் படிச்சவருதானுங்களே, புள்ளகிட்ட லத்தீன்ல ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று நீட்டினான். நீ என்ன சொன்னாய்? "சால்வே, பெரியப்பா" என்றாய். சால்வே என்றால் வணக்கம், ஆனால் ஒருமை. நீ, வா, போ என்கிற ஒருமை. நான் பொறுமையாக, "பெரியவங்களுக்கு சால்வேத்தே, அம்மணி" என்றேன். அதுதான் பன்மை, நம் 'வாங்க' மாதிரி. நீ சிரித்துக்கொண்டே, "ஒருத்தரா இருந்தா சால்வேதானுங்க பெரியப்பா. அந்தப் பாசையில மரியாதைப் பன்மையே இல்லீங்க, ராசாவையே நீன்னுதான் சொல்லோணும்" என்றாய். உன் அம்மா கீதா, "மாமா ராசாவுக்கும் மேலீங்களா?" என்றாள். கூடம் சிரித்தது. பந்தியில் பாயசம் ஊற்றியவன்கூட எனக்கு மட்டும் சால்வே சொல்லி ஊற்றினான்.

வீட்டுக்கு வந்து இலக்கணத்தைப் புரட்டினேன். மரியாதைப் பன்மை இல்லைதான். அதனால் என்ன? ஒரு பாஷைக்கு மரியாதை தெரியாவிட்டால் நாம்தான் சொல்லித்தர வேண்டும். "அவ அந்தப் பாசையில உங்களைத் திட்டியே இருந்தாலும் இங்க யாருக்குங்க தெரியப்போவுது, சாப்புட வாங்க" என்கிறாள் உன் பெரியம்மா.

உன் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, உனக்கு உரிமம் தரலாமா என்று முடிவு செய்ய ஒரு மேற்பார்வையாளர் அம்மா வரப்போகிறாராம். லேசில் யாரையும் தேறவிடமாட்டாராம். நீ தூக்கமில்லாமல் கிடக்கிறாயாம். உன் அப்பன் சொன்னான். அந்த அம்மாவுக்கு லத்தீனிலேயே கடிதம் எழுதப்போகிறேன். பெற்ற அப்பனுக்கு மூத்தவனையே ஒருமையில் கூப்பிட்டவளிடம் ஊரான் பிள்ளைகளை ஒப்படைக்கலாமா என்று கேட்பேன். சொந்தம் பார்க்கமாட்டேன். உனக்கு உரிமம் கிடைத்தால் சந்தோஷம் என்று வாய் சொல்லலாம், வயிறு சொல்லாது. முதலில் படித்தவன் நான். டீச்சர் என்ற பெயர் மட்டும் உனக்கா?

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு. இனி நமக்குள் லத்தீனில் பேச்சுவார்த்தை கிடையாது, தமிழில் உண்டு. ஆசீர்வாதத்தைக் குறைத்து எழுதக் கூடாது என்பதால் முழுதாகவே எழுதுகிறேன்: எல்லா நலமும் பெற்று நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
திருமலைசாமி

பி.கு.: நியாயம் கேட்டு மிளகாய் அரைக்கலாமென்று ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனேன். கல்லில் மிளகாயை வைத்த பிறகு உன் பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவ்வளவு தூரம் பஸ் மாறிப் போய் அரைக்காமல் திரும்பவும் மனசில்லை. அதனால், 'எங்க புள்ளையைத் தேறவிடாமச் செஞ்சா நீயே கேளு தாயே' என்று அந்த மேற்பார்வையாளர் பேரில் அரைத்துப் பூசிவிட்டேன். அவருக்கு அந்த லத்தீன் கடிதம் எழுதவில்லை. அவர் பேர் தெரியாததால் 'இங்கிலாந்து அம்மா' என்று பொதுவாகத்தான் சொன்னேன். உரிமம் கைக்கு வந்ததும் உடனே போன் செய். நான் போய் அம்மனுக்கு எண்ணெய்க் காப்புச் சாத்தினால்தான் மிளகாய் எரிச்சல் அடங்கும். பாவம், அந்த ஊரில் எத்தனை அம்மாக்களுக்குக் கண் எரிந்துகொண்டிருக்கிறதோ.