அதாத்துக்கு நேர்ந்த ஆடு

அசூர் நகரில் வாழும் என் அக்கா வக்குர்துமிடம், தொலைதூரக் கனேஷ் ஊரில் கழுதையும் கம்பளியுமாகக் காலம் தள்ளும் தம்பி அதாத்-பானி சொல்வதாவது: நான் நலம். நீயும் உன் நெசவுப் பெண்களும் நலமாயிருக்க இடியின் இறைவன் அதாத் அருள்வாராக.

இங்கே என் மகள் ஷிமத் என் மானத்தை வாங்குகிறாள். இந்த ஊர்க்காரன் பெருவாவைத்தான் கட்டுவாளாம். பையன் நல்லவன், அதுதான் எரிச்சல். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் சாமியைச் சாக்காகப் பிடித்தேன். கல்யாணச் சத்தியத்தை அவர்கள் சாமி தர்ஹுன் பேரில்தான் செய்வார்களாம். "அதாத் பேரையே வச்சிருக்கறவன் நான், வேற சாமி முன்னால எப்படிம்மா நிப்பேன்?" என்றேன். "நம்ம அதாத் காளை மேல நின்னு மின்னலப் புடிச்சிருக்காரு. தர்ஹுனுக்கும் அதே காளை, அதே மின்னல். ஒருத்தருக்கு ரெண்டு ஊர்ல வீடு இருக்கக் கூடாதாப்பா? உங்களுக்கு இல்லையா?" என்கிறாள். போதாததற்கு ஹலப் ஊரிலிருந்து கழுதை ஓட்டி வந்தவன் ரொட்டியை மென்றுகொண்டே, "எங்க ஊர்ல அவருக்கு ஹத்துன்னு பேருங்க. தாடி கொஞ்சம் நீளம், அவ்ளோதான்" என்கிறான். உண்மையைச் சொன்னால், அக்கா, எந்தச் சாமியாக இருந்தால் எனக்கென்ன? நான் அசூருக்குத் திரும்பும்போது அவள் இங்கேயே தங்கிவிடுவாள். தாயில்லாத ஒற்றைப் பிள்ளை. அதனால் யாருக்கும் தெரியாமல் அதாத்துக்கு ஓர் ஆட்டை நேர்ந்துகொண்டேன்: நிச்சயத்தன்று சடங்காகப் பெண் தலையில் எண்ணெய் வைக்கும் வேளையில் அவர் இடித்துத் தொலைக்க வேண்டும். அபசகுனம் என்று எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே நீ கல்யாணத் துணி அனுப்ப வேண்டாம், புறப்படவும் வேண்டாம்.

உன் தறிக்கு நூல் குறையாதிருக்கட்டும்.

பின்குறிப்பு: மேலே எழுதிய பெரிய களிமண் பலகை காய்ந்துவிட்டது, எழுதியதை அழிக்க முடியவில்லை, அதனால் இந்தத் துண்டுக் களிமண். அதாத் கேட்டதைக் கொடுத்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்த நேரம் ஊரே அதிர இடித்தது. சம்பந்தி வீட்டார் எழுந்தார்கள், ஆடுவதற்கு. இங்கே இடி என்றால் தர்ஹுன் நேரில் வந்து ஆசி சொல்வதாம். "வந்தது எங்க அதாத்துய்யா, நான்தான் கூப்பிட்டேன்" என்று கத்திவிட்டேன். சம்பந்தி என்னைக் கட்டிக்கொண்டார். "பொண்ணுக்காக சாமியையே கூப்டீங்களா?" என்று அழுதார். நானும் அழுதேன். கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். நானே எண்ணெய் வைத்தேன். நேர்ந்த ஆடு விருந்துக்கு வெந்துகொண்டிருக்கிறது. நான் அசூருக்குத் திரும்புவதாக இல்லை, அதாத்துக்கே இங்கே வீடு இருக்கும்போது எனக்கென்ன. துணியை அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வா.