கிணற்றடிக்குப் போகாமல் பம்பு பழகும் முறை

சாதி என்ற சொல்லை யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதன்முதலாக ஒழித்துக் கட்டிய பெருமை எங்கள் கொக்குவில் முன்னேற்ற நீரிறைப்பு இயந்திரச் சங்கத்துக்கே உரியது. சொல்லை மட்டும்தானே ஒழித்தீர்கள் என்று சில பொறாமைக்காரர்கள் கேட்பார்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் ஒழிக்க நாங்கள் என்ன அரசாங்கமா?

நான் அந்தச் சங்கத்தின் கௌரவ செயலாளர். தண்ணீர் இறைக்கும் பம்புகளை விற்பதும் திருத்துவதும் எங்கள் தொழில். எழுபத்திரண்டாம் ஆண்டு ஆவணி விடுமுறைக்குத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் ஒருவருக்குப் பயிற்சி அளிப்பதென்று தீர்மானித்தோம். விடுமுறையில் எங்காவது இயந்திரத்தில் கைவைத்துப் பழகி, அத்தாட்சிக் கடிதம் கொண்டுபோனால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு டிப்ளோமா. ஆகவே நேர்முகத் தேர்வு நாளில் எங்கள் வாசலில் ஒரே கூட்டம்.

"தகுதி ஒன்றே அளவுகோல், எவருடைய சாதியையும் எவரும் கேட்கலாகாது" என்று முன்கூட்டியே தீர்மானம் நிறைவேற்றிப் பத்திரிகைகளுக்கும் அனுப்பியிருந்தோம். ஆகவே தலைவர் ஆழ்வாப்பிள்ளை எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"தம்பி, உங்கடை கோயில்லை உங்களுக்கு எத்தினையாந் திருவிழா?"

எவ்வளவு விஞ்ஞானபூர்வமான கேள்வி! திருவிழா நாட்களைக் குடும்பங்கள் பங்குபோட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். பெரிய இடத்துக்குத் தேர். நடுத்தரத்துக்கு நடுவில் ஒரு நாள். மிச்சப் பேருக்கு வெளி வீதியில் நின்று கும்பிடும் உரிமை. பதில் வந்துவிட்டால் போதும். வேறு எதையும் கேட்டு ஒருவர் மனதைப் புண்படுத்த வேண்டியதில்லை.

முதல் வந்த பையன், "மூண்டாந் திருவிழா, அதுவும் பெரியப்பாவோடை பங்கு" என்றான். "இயந்திர அறிவு சுமார்" என்று குறித்தேன். அடுத்தவன், "நான் கோயிலுக்குப் போறேல்லை, இடதுசாரி" என்றான். "செயல்முறை அனுபவம் போதாது" என்று குறித்தேன்.

பிறகு நெல்லியடிப் பக்கத்திலிருந்து தேவராசா வந்தான். பம்பைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அது கிடக்கட்டும்" என்று தலைவர் கேள்வியைக் கேட்டார்.

"எல்லாத் திருவிழாவும் எங்கடைதான் ஐயா."

பொருளாளர் தம்பிஐயா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"எல்லாமோ? கொடியேத்தம்?"

"எங்கடை."

"தேர்?"

"தேரும் எங்கடைதான். நாங்களே கட்டி நாங்களே இழுக்கிறது."

"பங்குக்கு வேறை ஒருத்தரும் வாறேல்லையோ?"

"வேறை ஆக்கள் அந்தக் கோயில் பக்கமே வாறேல்லை ஐயா."

தலைவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "கேட்டியளே செக்ரட்டரி? மற்றவையை வாசல் மிதிக்கவே விடாத குடும்பம்! இப்பிடி ஒரு பரம்பரையை நான் கேள்விப்பட்டதே இல்லை."

தகுதி அடிப்படையில் தேவராசா ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டான்.

அடுத்த சில நாட்கள் எங்கள் சங்கத்தின் பொற்காலம். தேவராசாவுக்குத் தலைவருக்குப் பக்கத்துக் கதிரை. தலைவர் வீட்டார் குடிக்கும் பித்தளை மூக்குப்பேணியில் தேத்தண்ணி. "தம்பி சாப்பிட்டியளோ?" என்று இரண்டு மூன்று தரம் விசாரணை. பின்வளவுக் கிணற்றடியில் பம்பைக் கழற்றி அவன் முன்னால் பரப்பி, "எதிலை தொடங்க விருப்பம்?" என்று மெக்கானிக் கைகட்டி நின்றார். தலைவருக்குக் கலியாண வயதில் ஒரு மகள் இருந்தது தற்செயல். கலியாணத் தரகரை நெல்லியடிக்கு அனுப்பியது பயிற்சித் திட்டத்தின் ஒரு அங்கம்.

தரகர் திரும்பி வந்தவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"கோயில் இருக்கு ஐயா. தேரும் இருக்கு. எல்லாம் அவையின்ரைதான்."

"பிறகென்ன காணும்?"

"ஊர்க் கோயிலுக்கை விடாதபடியாலை அவை தாங்களே கட்டின கோயில்."

தலைவர் முதலில் பார்த்தது மூக்குப்பேணியை. பிறகுதான் எங்களை.

அவசரக் கூட்டம் கூடியது. "உவனை இப்பவே அனுப்பிவிடுங்கோ" என்றார் தம்பிஐயா. முடியாது. தகுதிக்காகத் தெரிவுசெய்தோம் என்று பத்திரிகையில் வந்துவிட்டது. காரணம் சொன்னால் சட்டம், சொல்லாவிட்டால் சந்தேகம். இந்த இக்கட்டில்தான் என் மூளை வேலை செய்தது. "வெளிக்களப் பயிற்சி" என்ற நவீன முறையை நான் முன்மொழிந்தேன். அதன்படி தேவராசாவின் கதிரை மதிலுக்கு வெளியே, வாசல் படலையடிப் பூவரச மரத்துக்குக் கீழே போனது. கிணற்றடி "தொழில்நுட்பக் காரணங்களுக்காக" பயிலுநர்களுக்கு மூடப்பட்டது. மூக்குப்பேணிக்குப் பதிலாகக் கடையிலிருந்து போத்தலோடு சோடா. எங்களுக்கு வெறும் தேத்தண்ணி, அவனுக்குச் சோடா! இதைவிட ஒருவரை எப்படி உபசரிப்பது?

அப்படியிருந்தும் அவனுக்குத் திருப்தி இல்லை.

"ஐயா, இயந்திரத்திலை கைவைச்சுப் பழகினதாய்க் கடிதம் இல்லாட்டி எனக்கு டிப்ளோமா இல்லை. கேட்ட இடமெல்லாம் இல்லையெண்டிட்டினம். இது ஒண்டுதான் கிடைச்சது."

"கைவைச்சுப் படிக்கிறது பழைய முறை. வெளிநாட்டிலை இப்ப தூர இருந்து பாக்கிறதுதான்."

"இஞ்சையிருந்து மதில்தானே ஐயா தெரியுது?"

"மதிலையும் பாரும். நல்ல மதில்."

விடுமுறை முடியும்வரை அவன் ஒரு நாளும் தவறாமல் வந்து அந்த மதிலைப் பார்த்தான். அந்தப் பக்கம் பம்பு இயங்கும்போதெல்லாம் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்பதற்குச் சங்கம் ஒருபோதும் தடை விதிக்கவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

கடைசி நாள் அத்தாட்சிக் கடிதத்துக்காக மறுபடி கூடினோம்.

"பம்பு திருத்தப் பழகினான் எண்டு எழுதினால் பொய்" என்றார் தலைவர். "நான் விரதகாரன். பொய்க்குக் கையெழுத்து வைக்கமாட்டன்."

"பழக விடேல்லை எண்டு எழுதினால் வழக்கு" என்றார் தம்பிஐயா.

பொய்யும் ஆகாது, வழக்கும் ஆகாது. நான் பேனையைத் திறந்தேன். "எமது சங்கத்தில் கற்கக்கூடியவை அனைத்தையும் இவர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டார்." தலைவர் வாசித்துவிட்டு, "அருமை" என்று கையெழுத்து வைத்தார்.

படலையடியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேவராசா மெதுவாக வாசித்தான்.

"பம்பு எண்ட சொல்லே இல்லை. இதைக் கல்லூரி எடுக்காது, ஐயா. அடுத்த வருசமும் நான் இடம் தேடி அலைய வேண்டியதுதான்."

"ஆனால் இதிலை ஒரு பொய்யும் இல்லைத்தானே?"

"ஒரு பிழை இருக்கு. முதல் வாரம் எண்டு போட்டிருக்கிறியள். நீங்கள் படிப்பிச்சது எனக்கு இஞ்சை வர முந்தியே தெரியும்."

ஆவணத்தில் பிழை இருப்பதை ஒரு செயலாளர் பொறுக்கமாட்டார். அங்கேயே மதிலில் வைத்து, "முதல் வாரத்திலேயே" என்பதை வெட்டி, "பிறந்த நாள் தொட்டே" என்று மேலே திருத்தி, சுருக்கொப்பமும் இட்டுக் கொடுத்தேன்.