கடைசியில் பார்த்த பெயர்

"வேற என்ன வேணும் தம்பி?" என்று பிரேமாவதி கேட்டாள்.

புவனேசன் வாயைத் திறந்தான். பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் பொறுமையில்லாமல் ஹார்னை ஓர் அமுக்கு அமுக்கினார். திறந்த வாயை வீணாக்க வேண்டாம் என்று, "இன்னொரு முட்டை வைங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தோடு நடையைக் கட்டினான்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். பீடோங் பசாருக்குப் போகும் முச்சந்தியில் பிரேமாவதியின் நாசி லெமாக் கடை. சொல்ல வேண்டியதைத் தொண்டை வரை கொண்டுபோவான். அங்கே அது நின்றுகொள்ளும். பொட்டலம் மட்டும் கைக்கு வரும். தேங்காய்ப்பால் சோற்றைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் எச்சரித்த மனிதன், தினமும் இரண்டு முட்டையோடு அதை வாங்கி வந்தால் மனைவி சும்மா இருப்பாளா? ஷாமளா சும்மாதான் இருந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

புவனேசனுக்கு வேலை சுங்கைப்பட்டாணியில், ஒரு பரிசோதனைக் கூடத்தில். பெண்களின் கருப்பை வாயிலிருந்து எடுத்த உயிரணுக்கள் கண்ணாடி ஸ்லைடில் சாயம் ஏறி அவன் மேசைக்கு வரும். மைக்ராஸ்கோப்பில் வைத்து, வயல் உழுகிற மாதிரி ஓரத்திலிருந்து ஓரம் வரை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே போவான். நல்ல உயிரணு பரந்த உடம்பும் நடுவில் சின்னஞ்சிறு கருவுமாகச் சாதுவாகக் கிடக்கும். கெட்டதற்கு உடம்பு சுருங்கி, கரு ஊதிக் கறுத்து, ஓரமெல்லாம் கோணிப்போயிருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பக்கத்தில் மையால் ஒரு புள்ளி வைப்பான். பிறகு பெரிய டாக்டர் பார்த்து முடிவு சொல்வார்.

அவனுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஸ்லைடின் நுனியில் ஒட்டியிருக்கும் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் அதை எடுத்து வைப்பான். பெயரைக் கடைசியில்தான் பார்ப்பான். தெரிந்த பெயர் என்றால் கண் பயப்படும், பயந்த கண் பொய் சொல்லும் என்பது அவன் கட்சி. இன்னொன்று பேச்சு. ஒவ்வொரு புள்ளிக்கும் உதட்டுக்குள், "பயப்படாதம்மா, கண்டுபிடிச்சிட்டேன்" என்பான். கூட்டாளிகள் சிரிப்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும். அவன் அம்மா ராக்காயி பாலிங் பக்க ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவள். அவளுக்கு யாரும் புள்ளி வைக்கவில்லை. வலிக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னபோது டாக்டர்களிடம் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

போன வாரம் வந்த ஒரு ஸ்லைடில் அவன் கை ஓயாமல் புள்ளி வைத்தது. "பயப்படாதம்மா, பயப்படாதம்மா" என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துபோனது. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. ஆனால் அது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. இப்போதே பிடித்தால் சின்ன சிகிச்சையோடு போய்விடும். விட்டால் அம்மாவின் கதைதான். யார் பெற்ற பெண்ணோ என்று வருந்தியபடி கட்டைவிரலை எடுத்தான்.

பிரேமாவதி. அவன் குடியிருக்கும் தாமானில், எதிர் வீட்டுப் பிரேமாவதி அக்கா.

பெரிய டாக்டரும் பார்த்து, ஆமாம் என்று கையெழுத்துப் போட்டார். முடிவு கிளினிக்குக்குப் போனது. அத்தோடு புவனேசனின் வேலை முடிந்தது. ஸ்லைடில் கண்டதை அவன் வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே கொடுத்த வாக்கு. அவனும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தான். மனம் கேட்காமல் கிளினிக் நர்ஸ் குணவதி மிஸ்ஸிக்கு மட்டும் போன் போட்டு, கூப்பிட்டவங்க எல்லாரும் வந்தாச்சா என்று பொதுப்படையாக விசாரித்தான்.

"ஒரு ஆளைத் தவிர எல்லாரும் வந்தாச்சு தம்பி" என்றாள் மிஸ்ஸி. "அந்த ஆளு, கிளினிக்னு சொன்னதுமே போனை வெச்சிடுது. நேர்ல கண்டா கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவேன். எனக்குப் பேரு நிக்காது, ஆனா மூஞ்சி மறக்காது லா. கோயில் மண்டபத்து முகாம்ல படுத்த அத்தனை மூஞ்சியும் மனசுல இருக்கு."

அந்தப் பரிசோதனை முகாமுக்கு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்ததே புவனேசன்தான். சொந்த வீட்டில் மட்டும் அவன் பாச்சா பலிக்கவில்லை.

"உங்க லேப்புக்குத்தானே வரும்? உங்க கூட்டாளிங்கல்லாம் வரிசையா உக்காந்து என்னைப் பாப்பாங்களா?" என்று ஷாமளா கேட்டிருந்தாள்.

"உன்னை இல்ல ஷாமளா, செல்லைத்தான் பாப்போம். அதுல மூஞ்சியா தெரியும்?"

"பேரு இருக்கும்ல?"

கட்டைவிரல் பழக்கத்தை எடுத்துச் சொன்னான். "ஒரு விரலை வெச்சா என் மானத்தை மறைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். முகாம் நாளில் பிரேமாவதிக்குத் துணையாகப் போய்வந்ததோடு சரி. முகாமில் டெஸ்ட் எடுத்தவர்களுக்குக் கொடுத்த இளஞ்சிவப்புத் துண்டைக்கூடப் பிரேமாவதி இவளுக்கே தந்துவிட, அது இவர்கள் வீட்டுக் கொடியில் காய்ந்தது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வழி சொன்னவன் வீட்டுக்குக் கடைசியில் துண்டுதான் வந்து சேர்ந்தது என்று புவனேசன் பெருமூச்சு விட்டான்.

மிஸ்ஸிக்குப் போன் போட்ட மறுநாள் காலை, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனான். வாக்கையும் மீறக் கூடாது, அக்காவையும் விடக் கூடாது. ஸ்லைடைப் பற்றிப் பேசாமல் கிளினிக்கைப் பற்றி மட்டும் பேசுவது என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான்.

"அக்கா, கிளினிக்லேருந்து கூப்பிட்டாங்களா?"

கரண்டி சம்பலுக்குள் விழுந்தது. "உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"எங்க லேப்புக்குத்தானே வருது. தெரியாம இருக்குமா?" சட்டம் போட்ட வாயே சட்டத்தை உடைத்தது.

பிரேமாவதியின் முகம் வெளுத்துவிட்டது. பாவம், உள்ளுக்குள் அவளுக்கே தெரிந்திருக்கிறது என்று அவன் நினைத்தான்.

"தப்புதான் தம்பி. எல்லாம் பயத்துல…"

"இதுல என்னக்கா தப்பு? பயப்படாம ஒரு தடவை போய்ட்டு வந்துருங்க."

"உள்ள வெச்சிருவாங்களா?"

"அதிகம் போனா ஒரு நாள். அப்புறம் விட்டுருவாங்க."

அவ்வளவுதான், பிரேமாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "ஷாமளா மேல கோவப்படாதீங்க தம்பி."

"அவ மேல எனக்கென்னக்கா கோவம்?" என்றான் புவனேசன். துணைக்குப் போன பாவத்துக்கு அவளை ஏன் இழுக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. மேசையிலிருந்த டிஷ்யூவை உருவி நீட்டினான்.

கூலிம் ஹைடெக் பூங்காத் தொழிற்சாலையிலிருந்து இரவு ஷிப்ட் முடித்த பெண்களை ஏற்றி வரும் பஸ் சரியாக அந்த நேரத்தில்தான் முச்சந்தியில் நிற்க வேண்டுமா? முன் சீட்டு ஜன்னலில் ஷாமளா உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "எதுக்கு அந்த அக்கா அழுதாங்க?"

"சொல்ல முடியாது ஷாமளா."

உலகத்தில் எத்தனையோ பொய்கள் இருக்க, அவன் போயும் போயும் உண்மையைச் சொன்னான்.

"நாசி லெமாக் எதுக்குன்னு இப்பத்தான் புரியுது" என்றாள் ஷாமளா. "என்மேல இல்லாத அக்கறை அவங்க மேல."

"உன்மேல அக்கறை இல்லாமயா டெஸ்ட் எடு, டெஸ்ட் எடுன்னு கெஞ்சினேன்? நீ கேட்டியா?"

ஷாமளா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண் கலங்கியது. சொல்ல மாட்டேன் போ என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் பிரேமாவதி வாசல் கேட் அருகே வந்து, "ஷாமளா, ஒரு வார்த்தை பேசணும்" என்று கூப்பிட்டாள். ஷாமளா வெளியே வந்து நாயைக் கூப்பிட்டு உள்ளே விட்டுக்கொண்டு கதவை மூடினாள். பிரேமாவதி போன் அடித்தாள். ஷாமளா அந்த எண்ணையே தடுத்து வைத்தாள். மறுநாளிலிருந்து நாசி லெமாக் கடையும் மூடிக் கிடந்தது.

புவனேசனுக்கு இரவுத் தூக்கம் போயிற்று. அடுத்த யோசனையாக, பிரேமாவதியின் கணவர் தேவனைப் பிடித்தான். தேவன் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர்.

"அண்ணே, அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே."

"எதுக்கு?"

"அதைச் சொல்ல முடியாதுண்ணே."

தேவன் லோரிச் சக்கரத்தை ஒரு முறையும் அவனை ஒரு முறையும் பார்த்தார். "என் பொண்டாட்டிக்கு என்னான்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியக் கூடாது. அப்படித்தானே?"

கேட்ட கேள்வி நியாயமாக இருந்ததால் புவனேசன் தலையாட்டிவிட்டான். தேவன் நேரே போய் ஷாமளாவிடம், "உங்க வூட்டுக்காரரைக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு வாக்கியம் பொழுது சாய்வதற்குள் தாமான் முழுக்கப் போய்விட்டது. ஷாமளா பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துத் துணிகளை அடுக்கினாள். இளஞ்சிவப்புத் துண்டை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அதையும் உள்ளே திணித்தாள். புவனேசன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டி அலமாரிக்குத் திரும்பிவிடும். அந்த வார்த்தைதான் அவனுடையது இல்லை.

காலையில் வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அக்கா, இன்னைக்கு வரலைன்னா ரொம்ப லேட்டாயிரும். எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், காடியில ஏறுங்க."

நாற்பது வயது ஆண்பிள்ளை ஒருவன் வாசலில் நின்று கண்ணைத் துடைப்பதைப் பார்த்து பிரேமாவதிக்கு மனம் இளகிவிட்டது. "வரேன் தம்பி. இனிமே ஒளிஞ்சு என்னா ஆகப் போவுது? மிஸ்ஸி காலுல விழுந்து மன்னிப்புக் கேட்டுடறேன்" என்றவள், மிஸ்ஸியின் கோபம் தணிய நான்கு பொட்டலம் நாசி லெமாக்கும் கட்டிக்கொண்டு அவன் காரில் ஏறினாள்.

நோய்க்குப் போய் யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? பயந்த மனம் என்னென்னவோ பேசும் என்று புவனேசன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா வருகிறாளே, அது போதும்.

கிளினிக்கில் பெயரைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று சறுக்கிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தது ஷாமளா. பின்னால், அவள் ஓட்டிய வேகத்தில் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்தபடி தேவன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஷாமளா நேரே வந்தாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் போனை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. இந்த அக்காவுக்கும் உங்களுக்கும் என்னா?"

"வீட்ல பேசிக்கலாம் ஷாமளா."

"வீடு இருந்தாத்தானே பேசறதுக்கு? பெட்டி கட்டியாச்சு."

புவனேசன் எழுந்து நின்றான். "போறதுன்னா போ. உன்னைத் தடுக்க எனக்கு வாய் இல்ல. நீ போனா நான் செத்தவன்தான், அதுவும் உனக்குத் தெரியும். ஆனா இவங்க இன்னைக்கு உள்ள போயே ஆகணும். இது ஒரு உயிர் விஷயம்."

ஷாமளாவின் கையிலிருந்த ஹெல்மெட் தாழ்ந்தது. தேவன் பெஞ்சின் நுனியில் மெல்ல உட்கார்ந்தார்.

"உயிரா?" என்றாள் பிரேமாவதி. அவள் மடியிலிருந்த பொட்டலங்கள் சரிந்தன. "என்னா தம்பி சொல்றீங்க? ஏமாத்தினதுக்குத் திட்டத்தானே கூப்பிட்டாங்க?" அவள் புவனேசனைப் பார்க்கவில்லை. ஷாமளாவையே பார்த்தாள்.

ஷாமளாவின் முகத்தில் இரத்தம் இல்லை.

அதற்குள் அறைக் கதவு திறந்தது. குணவதி மிஸ்ஸி மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு, "பிரேமாவதி!" என்று உரக்கக் கூப்பிட்டாள். பெஞ்சிலிருந்து யாரும் எழவில்லை. மிஸ்ஸி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிரேமாவதியைத் தாண்டினாள். ஷாமளாவின் முன்னால் வந்ததும் முகம் மலர்ந்து, ஹெல்மெட் பிடித்திருந்த கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"வந்துட்டியாம்மா பிரேமாவதி? கோயில் முகாம்ல உனக்கு நான்தானே டெஸ்ட் எடுத்தேன், இந்த மூஞ்சியை மறப்பேனா?"